பாதி குணமான செல்ஃப் மோட்டார்

வடசென்னையில் விம்கோ நகர் ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்பது எனக்கு நெடுநாளையப் பழக்கம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஒன்று போகும். அதன் பின்னால் சரக்கு ரயில் ஒன்று ஆடி அசைந்து வரும். அதற்குள் எனக்குப் பின்னால் ஷேர் ஆட்டோ, மீன்பாடி வண்டி, தண்ணீர் லாரி என்று வரிசை கட்டிவிடும். 2024 ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குக் கேட் தூக்கப்பட்டதும் வழக்கம் போல் செல்ஃப் பொத்தானை அழுத்தினேன். ஒரே மூச்சில் எழும் வண்டி, மூட்டை தூக்குகிறவர் முனகுவது போல இரண்டு முறை முனகிவிட்டு நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினால் அந்த முனகலும் பாதியாகக் குறைந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிப்பதில் காட்டிய சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கு அந்த மோட்டாருக்கு இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

வண்டி 2009-இல் வாங்கிய 150 சிசி பைக், ஏறத்தாழ 92,000 கிலோமீட்டர் ஓடியது. கிக்கரும் இருக்கிறது, ஆனால் எனக்கு வலது முழங்கால் தேய்ந்திருப்பதால் கிக்கர் உதைப்பதை மருத்துவர் தடுத்திருக்கிறார். அன்று வேறு வழியில்லாமல் ஓர் உதை விட்டேன். வண்டி உடனே எழுந்துவிட்டது. அந்த ஓர் உதையில் அரைப் பங்கு விடை கிடைத்திருந்தது என்பது எனக்கு அப்போது புரியவில்லை. உதைத்தால் உடனே எழுகிற இன்ஜினில் பெட்ரோலுக்கும் தீப்பொறிக்கும் குறையில்லை. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது மட்டும் அது எழ மறுக்கிறது என்றால், மோட்டார் போதிய வேகத்தில் சுற்றவில்லை அல்லது பேட்டரியின் வோல்டேஜ் முழுவதையும் அதுவே விழுங்கித் தீப்பொறிக்கு மிச்சம் வைக்கவில்லை என்று பொருள்.

மறுநாள் தெருமுனை மெக்கானிக்கிடம் சென்றேன். பொத்தானை ஒரு முறை அழுத்திக் கேட்டவுடன், “பேட்டரி டவுன் சார், மாத்திடுங்க” என்றார். அந்தப் பேட்டரிக்கு வயது மூன்றாண்டு. மூன்றாண்டு ஆன பேட்டரியைப் பற்றி யார் அப்படிச் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும். 12 வோல்ட், 9 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றை 1,700 ரூபாய்க்கு வாங்கி மாட்டினோம். பழைய பேட்டரிக்குக் கடைக்காரர் சொன்ன எடை விலை எனக்கு உறைக்கவில்லை. மின்வெட்டுக்கு ஒரு சிறிய விளக்காவது எரிக்கலாம் என்று அதை வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டேன்.

புதுப் பேட்டரியோடு வண்டி எழுந்தது. துள்ளி எழவில்லை, ஆனாலும் எழுந்தது. சிக்கல் தீர்ந்தது என்று நானும் மெக்கானிக்கும் முடிவு செய்தோம், நாங்கள் ஏமாந்த இடமும் அதுதான். செல்ஃப் மோட்டார், அதற்குப் போகும் ஒயர், பொத்தானை அழுத்தும்போது அந்த மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்சான ரிலே, பேட்டரி ஆகிய நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணி தளர்ந்திருக்கும்போது வேறொரு கண்ணியைப் புதிதாக்கினாலும் சங்கிலி ஓரளவு தேறிவிடும். தளர்ந்த மாட்டை மேலும் வலுவான தார்க்குச்சியால் குத்தினால் அது இன்னும் நாலு அடி நடக்குமே, அது போலத்தான். சற்றே தேறியது என்பதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டதால் இந்தக் கதை இன்னும் மூன்று மாதம் நீண்டது.

மே மாத வெயிலில் பழைய முனகல் திரும்ப வந்தது. காலையில் வீட்டு வாசலில் வண்டி ஒழுங்காக எழும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறியபின் கேட்டிலோ பெட்ரோல் பங்க்கிலோ அணைத்துவிட்டு மீண்டும் எழுப்பினால்தான் முரண்டு பிடிக்கும். சூட்டில் மட்டும் வரும் இந்தக் குறைக்குக் காரணம் இருக்கிறது. செம்புக் கம்பியின் வெப்பம் 60 டிகிரி கூடினால் அதன் மின்தடை ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. மோட்டாருக்குள் இருக்கும் நிலைக்காந்தங்களும் சூட்டில் சற்று வலுவிழக்கின்றன. தண்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்திருந்தால், அதற்குள் தண்டு ஒரு பக்கம் சாய்ந்து உரசவும் தொடங்குகிறது. நல்ல மோட்டாருக்கு இவை ஒரு பொருட்டல்ல. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் மோட்டாரைக் கீழே தள்ள இந்த அளவு போதும்.

இந்த முறை யாரிடமும் கேட்பதற்கு முன் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்து, ரிச்சி தெருவுக்குப் போய் 450 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வந்தேன். பேட்டரிக் காசில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இதைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியபடி முள்ளையும் பிடிக்க ஒருவருக்குக் கை போதாது என்பதால் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அளந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பட்டறையில் இதைச் செய்து பார்ப்பவர்கள் அரிது.

முதலில், வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளந்தேன், 12.7 வோல்ட். முழுதாக ஏறிய பேட்டரிக்கு இது சரியான அளவு. அடுத்து மகனைப் பொத்தானை அழுத்தச் சொல்லி, மோட்டார் இழுக்கும்போது அதே இடத்தில் அளந்தேன், 10.3 வரை இறங்கியது. அந்த நிலையில் 9.6-க்குக் கீழே போகாதவரை பேட்டரியைக் குறை சொல்ல இயலாது. மூன்றாவது அளவுதான் முக்கியமானது. மீட்டரின் சிவப்பு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், கறுப்பு முள்ளை மோட்டாரில் ஒயர் வந்து சேரும் போல்ட்டின் தலையிலும் வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒயரும் ரிலேவும் ஒழுங்காக இருந்தால் அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது, ஏனென்றால் அங்கே காட்டுவது வழியில் தொலைந்துபோகும் வோல்ட் மட்டுமே. என் வண்டியில் 1.1 காட்டியது. நான்காவதாக, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜினின் உடலுக்கும் இடையே அதேபோல அளந்தேன், 0.2-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 0.6.

கணக்கு போட்டுப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. பேட்டரி தந்த 10.3 வோல்ட்டில் 1.7 வோல்ட் வழியிலேயே கரைந்து, மோட்டாருக்கு 8.6 வோல்ட் மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த இழப்புக்குப் பெரிய பழுது தேவையில்லை. இழுக்கும் நேரத்தில் 60 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஓம் ஒன்றில் ஐம்பதில் ஒரு பங்குத் தடை இருந்தாலே 1.2 வோல்ட் போய்விடும். வண்டி சும்மா நிற்கும்போது மீட்டரால் அத்தனை சிறிய தடையைக் கண்டுபிடிக்க முடியாது. ஹெட்லைட்டும் ஹாரனும் குறைவின்றி வேலை செய்யும். கனத்த மின்சாரம் ஓடும் அந்த இரண்டு நொடிகளில்தான் அது தன்னை வெளிக்காட்டும்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி ரிலேவின் இரு முனைகளுக்கிடையே அளந்ததில், தொலைந்த 1.1-இல் 0.7 அங்கேயே தொலைந்தது தெரிந்தது. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் ரிலேவுக்குள் இருக்கும் செம்புத் தகடு சின்னத் தீப்பொறியோடு ஒட்டிப் பிரிகிறது. பதினைந்து ஆண்டுகளில் அந்த முகம் கருகிக் குழி விழுந்துபோகிறது. 300 ரூபாய்க்குப் புது ரிலே போட்டேன். மீதி 0.4, ஒயரின் முனையில் அழுத்தப்பட்டிருந்த கண்ணிகளில், அதாவது போல்ட்டில் மாட்டும் உலோக வளையங்களில் இருந்தது. கறுப்பு உறையைச் சற்றே பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சையாகக் களிம்பேறியிருந்தன. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடற்காற்றில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஜன்னல் கம்பியைத் தின்னும் உப்பு ஒயரை மட்டும் விட்டுவிடுமா?

செம்புக் குடத்தை விளக்குவது போலப் புளி போட்டுத் தேய்க்கலாமே என்று வீட்டில் யோசனை வந்தது. பளபளப்பு வரும் என்பது உண்மைதான். ஆனால் இழைகளுக்குள் ஊறிய புளிப்பைக் கழுவி எடுக்க முடியாது, ஒரு மாதத்தில் முன்னைவிட மோசமாகக் களிம்பேறும். கெட்ட முனையை வெட்டிவிட்டு, நல்ல செம்பு தெரியும்வரை உறையை நீக்கி, புதுக் கண்ணியை அழுத்தி ஈயம் பற்றவைத்துக்கொண்டேன். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடிக்கு மட்டும் வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கழன்றுவிடும். காய்ந்தபின் லேசாக வாசலின் தடவினால் மறுபடி பூக்க நாளாகும். பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினின் உடலோடு இணைக்கும் எர்த் ஒயரின் கண்ணி, செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றின் அடியில் மாட்டியிருந்தது. கார்புரேட்டரை நகர்த்தாமல் அந்த இடத்துக்குக் கை போகாது. நகர்த்தி, கழற்றி, கண்ணியின் இரு முகங்களையும் உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். அடுத்த அளவில் பாசிட்டிவ் பக்கம் 0.3, எர்த் பக்கம் 0.1.

வண்டி மறுபடியும் தேறியது. இரண்டாவது முறையாக, பாதி.

ஆனால் இந்த முறை ஏமாறுவதற்கு இடமில்லை, ஏனென்றால் கையில் எண்கள் இருந்தன. மோட்டாருக்கு இப்போது 9.7 வோல்ட் முழுதாகப் போகிறது. ஆனாலும் சூட்டில் அது முனகுகிறது. இனிக் குற்றவாளி மோட்டார், அல்லது அதை எதிர்த்து நிற்கும் இன்ஜின். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதைக் கேப்பிலேயே விட்டு, பிளக் ஓட்டையிலிருந்து விலக்கி இன்ஜினின் உலோகத்தைத் தொடும்படி வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். பெட்ரோல் ஆவி வெளியே வரும் என்பதால் திறந்த வெளியில் செய்வது நல்லது. பிளக் இல்லாத இன்ஜினில் அழுத்தமே கிடையாது. குழந்தை கையால் சுழற்றும் அளவுக்கு அது இலகுவாகிவிடும். நல்ல மோட்டார் அப்போது சீறிக்கொண்டு சுற்ற வேண்டும். என்னுடையது அப்போதும் சோம்பலாகவே சுற்றியது. கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தால் இன்ஜின் தடையின்றித் திரும்பியது. ஆக, மோட்டார்தான்.

இங்கே ஓர் இடைச்செருகல். எல்லா செல்ஃப் தொல்லையும் மோட்டார் தொல்லை அல்ல. பொத்தானை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டால் பேட்டரியையோ ரிலேவையோ பாருங்கள். மோட்டார் ‘விர்ர்’ என்று அதிவேகமாகச் சுற்றியும் இன்ஜின் அசையவே இல்லையென்றால், கோளாறு காந்தச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஒருவழிக் கிளட்ச்சில். அதற்குப் புது மோட்டார் வாங்கினால் பணம்தான் வீண். முனகல், அதுவும் சூட்டில் கூடும் முனகல் மட்டுமே மோட்டாரைச் சுட்டுகிறது. அந்த முனகலின்போது பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பது மோட்டாரைக் கொல்லும் வேலை: சுற்றுகிற மோட்டார் தானே எதிர் மின்னழுத்தம் உண்டாக்கி மின்சாரத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும், திணறி நிற்கிற மோட்டாருக்கு அந்தத் தடுப்பு இல்லாததால் மின்சாரம் வெள்ளமாகப் பாய்ந்து அதைச் சுட்டெடுக்கும். ஐந்து நொடிக்கு மேல் அழுத்தக் கூடாது, அடுத்த முயற்சிக்கு முன் பத்துப் பதினைந்து நொடி விட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மோட்டாரைக் கழற்றும் வேலையை நானே செய்தேன். பேட்டரியில் முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது என்ற ஒரே ஒரு விதியை மீறக் கூடாது. பாசிட்டிவை முதலில் தொட்டு, ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டால் ஸ்பேனரே பற்றவைக்கும் கம்பியாகிவிடும். கார்புரேட்டரின் மிதவைத் தொட்டியை வடித்து, அதை ரப்பர் குழாயோடு ஒருபக்கமாகச் சாய்த்துக் கட்டினேன். பிறகு மோட்டாரின் போல்ட்டில் ஒயரைப் பிடித்திருந்த நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன். என் தவறு அங்கேதான் நடந்தது.

அந்தப் போல்ட்டில் இரண்டு நட்டுகள் உண்டு. வெளி நட்டு ஒயரைப் பிடிக்கிறது. உள் நட்டு போல்ட்டையே மோட்டாரின் மூடியோடு பிடிக்கிறது. உள் நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் வெளி நட்டைத் திருப்ப வேண்டும். நான் பிடிக்கவில்லை. துருப்பிடித்த வெளி நட்டு கழலாமல் போல்ட்டையே தன்னோடு சேர்த்துத் திருப்பியது. உள்ளேயிருந்து அப்பளம் நொறுங்குவது போல மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. போல்ட் உலோக மூடியைத் தொடாமல் காக்கும் கறுப்பு பிளாஸ்டிக் வளையம் உடைந்த சத்தம் அது. அதற்கப்புறம் இரண்டு ஸ்பேனர் போட்டேன், துருவுக்கு எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்தும் இருந்தேன், உடைந்தது உடைந்ததுதான். இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றியபின் மோட்டார் உடனே வராது. அதன் விளிம்பில் ஓரிங் என்ற ரப்பர் வளையம் இறுகியிருக்கும். திருப்புளியை நெம்புகோலாக்காமல், இரு கைகளாலும் இடவலமாக ஆட்டியபடி இழுத்தால் வந்துவிடும். சுத்தியலால் தட்டுவது அறவே கூடாது; உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்கள் பீங்கானைப் போல, தட்டினால் விரிசல் விட்டுவிடும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சருக்குக் கம்பி கட்டும் பாய் ஒருவர் இருக்கிறார். அவருடைய கடை ஒரு கட்டில் அகலம்தான். சுவரெல்லாம் மிக்சி மோட்டார், கிரைண்டர் மோட்டார், டிரில் என்று தொங்கிக்கொண்டிருக்கும், வார்னிஷ் வாசனை தெருவரை வரும். மோட்டாரைக் கையில் வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, மூடிகளுக்கும் நடு உடலுக்கும் குறுக்கே கத்தி முனையால் இரண்டு கோடு கீறியது. “நாளைக்கு மாட்டும்போது இந்தக் கோடு நேரா நிக்கணும் தம்பி, இல்லேன்னா கார்பன் எடம் மாறிடும்” என்றார். சுழலும் செம்புப் பட்டைகளை உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகளைத்தான் கார்பன் என்கிறார்கள். நீளமான இரு போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் திறந்ததும், தண்டிலிருந்து ஒவ்வொரு வாஷராக எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைத்தார். காகிதம் போல் மெலிந்த அந்த வாஷர்களில் ஒன்று இடம் மாறினாலும் தண்டு முன்னும் பின்னும் ஆடும் என்று பின்னால் விளங்கியது.

உள்ளே கரித்தூளாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது தூள் அல்ல, கூழ். கார்பன் தேய்ந்து உதிர்ந்த கருந்தூளோடு எண்ணெயும் ஈரமும் கலந்து, கண்மை போலக் கெட்டியாகச் செம்புப் பட்டைகளின் இடுக்குகளில் அப்பியிருந்தது. பாய் ஒரு தீக்குச்சியால் அதை வழித்து என் கட்டை விரலில் தேய்த்தார். இரண்டு நாள் போகவில்லை. கார்பன் இரண்டும் 5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தேய்ந்திருந்தன. புதியது 10 மில்லிமீட்டர். அவற்றை அழுத்த வேண்டிய ஸ்பிரிங்குகள் கிட்டத்தட்ட முழுதாக விரிந்து, பிடிமானம் இல்லாமல் நின்றன. செம்புப் பட்டைகள் நடுவில் பள்ளமாகி, பட்டைகளுக்கு இடையே தாழ்ந்திருக்க வேண்டிய, மின்சாரம் கடத்தாத மைக்கா செம்போடு சமமாக நின்றது. அப்படி நின்றால் கார்பன் செம்பில் அமராமல் மைக்காவின் மேல் துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் தீப்பொறி, கருகல். செம்புக்கும் தண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் எதுவுமே காட்டக் கூடாது. அங்கேயும் சில ஆயிரம் ஓம் காட்டியது. அந்தக் கூழின் வழியே மின்சாரம் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது.

“தண்ணியில நின்ன வண்டியா?” என்று பாய் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது திருவொற்றியூர் மேற்கில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. அந்த வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெயும் கலந்து வந்து, சுவர்களில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. வண்டி ஒன்றரை நாள் அதில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் இன்ஜின் ஆயிலை இரண்டு முறை மாற்றினோம், ஏர் ஃபில்டரைத் தூக்கி எறிந்தோம், கார்புரேட்டரைக் கழுவினோம், பிரேக் ஷூவைத் தேய்த்தோம். செல்ஃப் மோட்டாரைத் திறக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அன்றைக்கு அது சுற்றியது. காய்ந்து போன ஓரிங் வழியாகவும் ஒயர் போல்ட்டின் ஓரமாகவும் புகுந்த நீர் புஷ்ஷில் துருவாகி, எண்ணெய்க் கசடு கார்பனோடு கூழாகி, நான்கு மாதம் கழித்து ரயில்வே கேட்டில் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. பல்சக்கரத்தின் பின்னால் இருக்கும் ஆயில் சீலும் தேய்ந்து இன்ஜின் பக்கமிருந்து கொஞ்சம் ஆயிலை விட்டிருந்தது என்பதால் எல்லாப் பழியையும் வெள்ளத்தின் மேலேயே போடவும் முடியாது.

இனி, பழையதைச் சரிசெய்வதா, புதியது வாங்குவதா? கார்பன் மட்டும் தேய்ந்து, செம்பு வழவழப்பாக இருந்திருந்தால் நான் யோசித்தே இருக்க மாட்டேன். கார்பன் செட் அப்போது 150 ரூபாய், மெல்லிய உப்புத்தாளால் செம்பை மெருகேற்றி, உடைந்த ஹேக்சா பிளேடால் மைக்காவைக் கீறித் தாழ்த்தினால் இன்னும் ஐந்தாறு ஆண்டு ஓடும். மோட்டார் கெட்டது என்றதும் முழுதாக மாற்றச் சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என் மோட்டாரில் செம்பு பள்ளமாகியிருந்தது. லேத்தில் கடைந்து சமமாக்கினால் பட்டையின் கனம் மிகவும் குறைந்துவிடும். புஷ்ஷும் போயிருந்தது, ஆயில் சீலும் போயிருந்தது, நான் உடைத்த வளையத்துக்கு மாற்றுக் கிடைக்கவில்லை. பாய் அன்றைக்குக் கழுவி, புதுக் கார்பன் போட்டு, உடைந்த வளையத்துக்குப் பதில் ஃபைபர் தகட்டை வெட்டி வைத்து, 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, “ஆறு மாசம் ஓடும், அதுக்குள்ள புதுசு பாத்துக்க” என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அந்த வாக்கியத்துக்காகவே இன்னொரு நூறு கொடுத்திருக்கலாம்.

புதுப்பேட்டையில் பழைய மோட்டார்கள் கிடைக்கும் என்று போய்ப் பார்த்தேன். வெளியே துடைத்து எண்ணெய் பூசி மின்னிக்கொண்டிருந்தன. திறந்து காட்டச் சொன்னால் யாரும் இசையவில்லை. திறக்காமல் வாங்கினால் என் மோட்டாருக்கு அண்ணனோ தம்பியோதான் கிடைக்கும் என்று திரும்பிவிட்டேன். அடுத்து ஸ்பேர்ஸ் கடை ஒன்றில், “உங்க வண்டிக்கு இதேதான் சார்” என்ற உறுதியோடு 1,100 ரூபாய்க்கு உள்ளூர்த் தயாரிப்பு ஒன்றை நீட்டினார்கள். நல்லவேளையாகப் பழைய மோட்டாரைப் பையிலேயே கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் கல்லாவின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடல் ஒன்று, போல்ட் ஓட்டைகள் ஒன்று. தண்டின் முனையில் வெட்டியிருந்த பற்களை எண்ணினால் என்னுடையதில் ஒன்பது, அவர்களுடையதில் பத்து. ஒரு பல்தானே என்று நினைத்து மாட்டினால் இன்ஜினுக்குள் இருக்கும் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். பிறகு இன்ஜினையே திறக்க வேண்டியதுதான். பல்லின் எண்ணிக்கை, தண்டின் நீளம், சுழலும் திசை, ஓரிங் உட்காரும் விளிம்பின் விட்டம் ஆகிய நான்கையும் பழையதோடு ஒப்பிடாமல் காசை எடுக்கக் கூடாது. கடைசியில் கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டரில் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து 2,900 ரூபாய்க்குப் பதிவு செய்தேன். ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்பது நாளும் பாயின் கைவேலைதான் என்னைக் கேட்டைத் தாண்ட வைத்தது.

மாட்டும் வேலை கழற்றுவதைவிட எளிது. புது ஓரிங்கில் இன்ஜின் ஆயிலை விரலால் தடவிக்கொள்ள வேண்டும்; வறண்ட ஓரிங் உள்ளே போகும்போது மடிந்து கிழிந்துவிடும். மோட்டாரின் விளிம்பும் அது அமரும் இன்ஜின் முகமும்தான் மோட்டாருக்கு எர்த் என்பதால், இரண்டையும் உலோகம் தெரியத் துடைத்தேன். பற்கள் கவ்வாமல் நின்றால் அடித்து ஏற்றாமல், பின் சக்கரத்தைத் தூக்கிக் கியரில் போட்டுக் கையால் சற்றே சுற்றிக்கொடுத்தால் மோட்டார் தானே உள்ளே இறங்கும். அந்த இரண்டு போல்ட்டுகளும் அலுமினிய மரையில் ஏறுகின்றன. 10 நியூட்டன் மீட்டர் முறுக்கமே அவற்றுக்குப் போதும், அதாவது சிறிய ஸ்பேனரை மணிக்கட்டின் பலத்தில் மட்டும் இறுக்குவது. தோளின் பலத்தைக் காட்டினால் மரை கையோடு வந்துவிடும். ஒயர் போல்ட்டில் இம்முறை மறக்காமல் இரண்டு ஸ்பேனர். பேட்டரியில் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

பொத்தானை அழுத்தியதும் வண்டி எழுந்த வேகத்தில் மகன் ஓர் அடி பின்வாங்கினான். 2009-இல் கேட்ட அதே சத்தம்தான். தேய்மானம் நாளுக்குக் கொஞ்சமாக வந்ததால் நல்ல மோட்டாரின் சத்தம் எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்ததில், இழுக்கும் நேரத்தில் பேட்டரி 10.9-க்குக் கீழே இறங்கவே இல்லை. உள்ளுக்குள் உரசலும் ஒழுக்கும் இல்லாத மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது, வேகமாகச் சுற்றுவதால் குறைந்த மின்சாரமே இழுக்கிறது.

அந்த 10.9-ஐப் பார்த்தபின் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அலமாரியின் அடியில் மின்வெட்டு விளக்குக்குக் கட்டிவைத்திருந்த பழைய பேட்டரியை எடுத்து ஓர் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டேன். காலையில் அதை வண்டியில் மாட்டி, இருபது நிமிடம் ஓட்டிச் சூடேற்றி அணைத்துவிட்டு, மகனைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். முதல் அழுத்தலிலேயே வண்டி எழுந்தது, மீட்டர் 10.4 காட்டியது. ஏப்ரலில் கழித்துக்கட்டிய பேட்டரியோடுதான் இன்றுவரை விம்கோ நகர் கேட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன். 1,700 ரூபாய்ப் பேட்டரி இப்போது என் மகனுடைய வண்டியில் இருக்கிறது.